உள்ளூர் ஆளுக்கு ரூம் இல்லை

போன வாரம் ஷ்ரேயா போன்ல அழுததோட நிறுத்தினேன். அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

"தாத்தா வரலைன்னா நான் மோதிரம் மாத்திக்க மாட்டேன்"னு என் அண்ணன் பொண்ணு ஒரே பிடிவாதம். இந்தப் பக்கம் எங்கப்பா கோதண்டராமன், எண்பத்தொரு வயசு, போனைக் காதுல வச்சுக்கிட்டு ஃபேனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். கடைசியில, "வரேன் கண்ணு. ஆனா உங்க வீட்டுல தங்க மாட்டேன்"னார்.

ஏன் தங்க மாட்டார்னு முதல்லேருந்து படிக்கிறவங்களுக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்காக ஒரு தடவை சொல்றேன், சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதிக்குது. அப்பாவும் அம்மாவும் மூணு வருஷம் பெங்களூர்ல அண்ணன் நரேஷோட ஃபிளாட்லதான் இருந்தாங்க. அம்மா அங்கதான் தவறினாங்க. அதுக்கப்புறம் ஒரு நாள் அப்பா வாக்கிங் போயிட்டு வந்தா, வாசக்கதவு நம்பர் லாக்ல நம்பர் மாறிப்போச்சு. மாத்தினவங்க அவர்கிட்ட சொல்லல. அண்ணனும் அண்ணி கிருத்திகாவும் ஆபீஸ்ல. ரெண்டு பேரும் போனை எடுக்கல. மனுஷன் சாயங்காலம் வரைக்கும் செக்யூரிட்டி கேபின்ல பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்திருக்கார். "மறந்துட்டோம்ப்பா"ன்னாங்களாம். கூடவே இருக்கிற ஆளை மறக்கறதுன்னா என்னங்க அர்த்தம்? மறுநாளே நான் போய்த் திருப்பத்தூர்ல என் வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு.

ஆக, பெங்களூர்ல அப்பாவுக்கு ஹோட்டல் தேடற வேலை என் தலையில விழுந்துச்சு.

நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவ. எதையும் முறையாத்தான் செய்வேன். நிச்சயதார்த்த ஹால் பிரேசர் டவுன்ல. அப்பாவுக்கு முட்டி போயிடுச்சு, நாலு தெரு நடக்க முடியாது. டிராஃபிக்ல மாட்டினா பாத்ரூமுக்கு எங்க போறது? அதனால ஊருக்கு வெளியே சல்லிசா கிடைக்கிற ரூம் எதுவும் உதவாது. கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல இறங்கினா ஹோட்டலும் ஹாலும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்.

இன்டர்நெட்ல போய்ப் பாருங்க, வயித்தெரிச்சலா இருக்கும். டவலை மடிச்சு அன்னப்பறவை பண்ணிக் கட்டில்ல வச்சிருக்கான். ரோஜாப்பூவைப் பிச்சுத் தூவியிருக்கான். வயசானவங்க வழுக்கி விழற பாத்ரூம் தரையை ஒருத்தனாவது போட்டோ எடுத்துப் போட்டிருக்கானா? போன் பண்ணி, "டாய்லெட் பக்கத்துல பிடிச்சு எழுந்திருக்கக் கம்பி இருக்கா?"ன்னா, "ஏ.சி. இருக்கு மேடம்"ங்கறான். "வாசல்ல படி இருக்கா?"ன்னா, "லிஃப்ட் இருக்கு மேடம்"ங்கறான். லிஃப்டுக்குப் போகப் படி ஏறணுமான்னு கேட்டேன். ஹலோ ஹலோன்னு சொல்லி வச்சுட்டான்.

என் வீட்டுக்காரர் அசோகன், "ஒரு ராத்திரிக்கு எதுக்கு இத்தனை விசாரணை? பேசாம உங்கண்ணன் வீட்டுலயே விட்டுடு"ன்னார். பேப்பர்லேருந்து தலையைத் தூக்காமயே சொன்னார். அன்னைக்கு சாம்பார்ல உப்பு போடல.

கடைசியில ஒண்ணு கிடைச்சது. பேர் சொல்ல மாட்டேன், அவங்களுக்கு எதுக்கு ஓசி விளம்பரம்? வெஸ்டர்ன் டாய்லெட், கைப்பிடிக் கம்பி, எதிர்த்தாப்புலயே சுடச்சுட இட்லி கிடைக்கிற மெஸ். என் பேர்ல ரூம் போட்டாச்சு.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானம் நானும் அப்பாவும் போய் இறங்கினோம். இறங்கின உடனே படிக்கட்டு.

"லிஃப்ட் இருக்குன்னாங்களே?"

"மேல இருக்கு மேடம்"னார் வாசல்ல நின்னவர்.

மேலயாம்! லிஃப்டுக்குப் போக இன்னொரு லிஃப்ட் வைக்கணும் போல. அப்பா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறினார். முகத்துல வலி தெரிஞ்சுது. அப்பவே நான் திரும்பியிருக்கணும்.

ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு ஜூடித். சட்டையில பேர் குத்தியிருந்தா. "தமிழா மேடம்? வாங்க வாங்க"ன்னு சிரிச்சா. என் ஆதாரை வாங்கி ஜெராக்ஸ் எடுத்தா. அப்பா ஆதாரை வாங்கினா. சிரிப்பு நின்னுபோச்சு.

"மேடம், இது லோக்கல் ஐ.டி.யாச்சே."

"அப்படின்னா?"

"அங்கிள் அட்ரஸ் ஹொரமாவுன்னு இருக்கு. பெங்களூர் அட்ரஸ் உள்ளவங்களுக்கு நாங்க ரூம் குடுக்கறதில்ல. மேனேஜ்மென்ட் ரூல்."

எனக்குச் சுரீர்னு உறைச்சது. அங்க போன புதுசுல அண்ணன் அப்பாவோட ஆதார்ல தன் வீட்டு விலாசத்தைப் போட்டு வச்சான். அது மாறவே இல்ல. எனக்கும் அது ஞாபகத்துக்கு வரல. எந்த வீட்டுல கால் வைக்க மாட்டேன்னு மனுஷன் ஹோட்டலுக்கு வந்தாரோ, அந்த வீட்டு விலாசத்தைக் காட்டி வெளிய போங்கறாங்க.

"ஏம்மா, எதுக்கு இந்த ரூல்?"

அவ தயங்கினா. "இல்ல மேடம்... லோக்கல்ல இருக்கிறவங்க ஜோடியா வந்து ரூம் கேப்பாங்க. பிரச்சினை ஆகும்..."

"ஓஹோ! எண்பத்தொரு வயசுல எங்கப்பா யாரை இழுத்துக்கிட்டு வந்திருக்கார்னு நினைக்கிறே? நான் அவர் பொண்ணு! மூக்கைப் பாரு, ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு!"

லாபியில டீ குடிச்சுக்கிட்டிருந்தவங்க எல்லாம் எங்க மூக்கைப் பாத்தாங்க. பாக்கட்டும்.

"கோச்சுக்காதீங்க மேடம். உங்களுக்கு ரூம் குடுக்கலாம், ப்ராப்ளம் இல்ல. அங்கிளுக்குத்தான் முடியாது. அவருக்குத்தான் இங்கேயே வீடு இருக்கே?"

வீடு இருக்கே. அந்தப் பொண்ணு சாதாரணமாத்தான் கேட்டா. எனக்குத்தான் ஓங்கி அறையணும் போல இருந்துச்சு, அவளை இல்ல, எங்கண்ணனை. பக்கத்துல இருந்த ரெண்டு ஹோட்டலுக்குப் போன் பண்ணினேன். அங்கயும் இதே பாட்டு. மேனேஜர் கிளெமென்ட் சாராம், அவருக்கு ஜூடித் போன் போட்டுக் கேட்டா. அந்த அட்ரஸ்ல இருக்கிறவங்க யாராவது நேர்ல வந்து சொன்னா பாக்கலாம்னாராம்.

"நரேஷைக் கூப்பிடாத"ன்னார் அப்பா, சோபாவுல உக்காந்தபடியே.

"நான் ஏன் கூப்பிடறேன்? செத்தாலும் கூப்பிட மாட்டேன்."

அப்பா சோபாவுல நெளிஞ்சார். அப்புறம் சன்னமா, "லாவண்யா, பாத்ரூம் போகணும்மா"ன்னார்.

ரூம் இருந்தாத்தானே வெஸ்டர்ன் டாய்லெட்? ஸ்டாஃப் போற இடத்தைக் காட்டினாங்க. இண்டியன் டாய்லெட், தரை பூரா தண்ணி, பிடிச்சுக்க ஒரு ஆணி கூட இல்ல. நான் கதவுக்கு வெளிய நின்னு, "வழுக்கும்ப்பா, சுவத்தைப் பிடிச்சுக்குங்க, மெதுவா, மெதுவா"ன்னு கத்திக்கிட்டே இருந்தேன். மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்து போஸ்ட் கம்பத்துல ஏறினவர். வெளிய வந்தப்ப வேட்டி ஓரம் நனைஞ்சிருந்துச்சு. அவர் அதைக் கையால மூடிக்கிட்டு வந்தார். என்னைப் பாக்கல.

அதுக்கப்புறம் என் சபதமெல்லாம் எங்க போச்சோ தெரியல. நரேஷுக்குப் போனைப் போட்டேன்.

அவன் பக்கத்துலதான் இருந்தான், ஹால்ல பூக்காரங்களோட சண்டை போட்டுக்கிட்டு. மூச்சு வாங்க ஏறி வந்தான். வந்ததும் அப்பாவை எப்படி இருக்கீங்கன்னு கேட்டானா? இல்ல. நேரா என்கிட்ட வந்தான்.

"ஹோட்டலா? அப்பாவை ஹோட்டல்ல தங்க வைக்கிறியா? சம்பந்தி வீட்டுல கேட்டா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?"

"அவரை வெளிய உக்கார வச்சுப் பூட்டினப்ப எங்க வச்சிருந்தியோ, அங்கயே வை."

"அது ஒரு தப்பு, லாவண்யா. எத்தனை தடவை சாரி சொல்றது?"

"எத்தனை தடவை சொன்னே? ஒரே ஒரு தடவை, அதுவும் வாட்ஸ்அப்ல! கீழ கும்பிடு போடற பொம்மை வேற!"

ஜூடித் கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டிருந்தா. ஆனா டைப் அடிக்கல.

"சரிம்மா, நீ ரொம்ப நல்லவ"ன்னான் அண்ணன். "ரெண்டு வருஷமா உன் வீட்டுலதானே இருக்கார்? ஒரு ஆதாரை மாத்தத் துப்பில்லையா உனக்கு? மாத்தியிருந்தா இப்படி நடு லாபியில நிக்க வேண்டாம்ல?"

சரியான இடத்துல குத்திட்டான். ஏன்னா நான் கூப்பிடாத நாளில்ல. இ-சேவை மையம் எங்க ஸ்கூலுக்கு எதிர்லயே இருக்கு. ஒரு தடவை கூப்பிட்டா, "இன்னைக்கு அஷ்டமி"ம்பார். இன்னொரு தடவை, "என் கைரேகை மிஷின்ல விழாது"ம்பார். அப்புறம் வெயில். அப்புறம் மழை.

"அவரையே கேளு, நான் கூப்பிட்டேனா இல்லையான்னு!" நான் அப்பா பக்கம் திரும்பினேன். "சொல்லுங்கப்பா. ஏன் மாத்தல நீங்க?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துண்டால துடைச்சார். மாட்டிக்கிட்டார். எங்களைப் பாக்காம தரையைப் பாத்துத்தான் பேசினார்.

"பையன் வீடு இருக்கும்போது பொண்ணு வீட்டு விலாசத்தை எழுதிக்கிறது நல்லாவாம்மா இருக்கும்? நாலு பேர் என்ன சொல்வாங்க? மாப்பிள்ளை என்ன நினைப்பார்? உன் வீட்டுல நான் விருந்தாளிதானே."

விருந்தாளி.

நான் அழுவேன்னு நினைச்சீங்களா? அழல. எனக்கு வந்த கோபத்துக்கு அழுகை எல்லாம் கிட்ட வர முடியாது.

"விருந்தாளிக்கு யாருப்பா நகம் வெட்டி விடறது? விருந்தாளிக்குக் கால்ல தைலம் தேய்ச்சு விட்டுட்டு எவ ஸ்கூலுக்கு ஓடறா? ரெண்டு வருஷமா என் வீட்டு ஹால்ல டி.வி. சத்தம் உங்களுக்குப் பிடிச்ச அளவுதான். ரசம் உங்களுக்குப் பிடிச்ச புளிப்புதான். அசோகன் ஒரு நாள் முகம் சுளிச்சிருக்காரா? விருந்தாளியாம்! இதைச் சொல்ல உங்களுக்கு எப்படிப்பா வாய் வந்துச்சு?"

"இப்படி ஊரைக் கூட்டாதம்மா."

"கூட்டுவேன்! இந்த ஹோட்டல்ல உங்களை விருந்தாளின்னு ஏத்துக்க மாட்டேங்கறான். நான் விருந்தாளின்னு ஒரு நாளும் நினைக்கல. உங்களுக்கு மட்டும்தான் அந்த நினைப்பு!"

அண்ணன் முகத்தைப் பாக்கணுமே அப்ப. ஏதோ கேஸ்ல ஜெயிச்ச மாதிரி. தோளை நிமித்திக்கிட்டு அப்பா முன்னாடி போய் நின்னான். குரல் அப்படியே தேனா மாறிப்போச்சு.

"வாங்கப்பா. வீட்டுக்குப் போலாம். நம்ம வீடு இருக்கும்போது ஏன் இதெல்லாம்?"

படி ஏற அத்தனை நேரம் எடுத்துக்கிட்ட மனுஷன், யார் கையையும் பிடிக்காம எழுந்துட்டார். பையைக்கூட அவரே எடுத்துக்கிட்டார்.

"அந்த வீட்டுல தங்க மாட்டேன்னு ஷ்ரேயாகிட்ட சொன்னீங்களே, அது?"ன்னேன்.

"அவனே நேர்ல வந்து கூப்பிடறான்லம்மா"ன்னார். கண்ணெல்லாம் ஒரு வெளிச்சம். ரெண்டு வருஷமா என் வீட்டுல நான் பாக்காத வெளிச்சம். இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தாரா? இந்த ஒரு வார்த்தைக்கா? நான் ஒதுங்கி வழி விட்டேன். போகட்டும், எனக்கென்ன வந்துச்சுன்னு வாய்க்குள்ளயே திட்டிக்கிட்டு, அவர் மாத்திரைப் பெட்டியை என் பையிலேருந்து எடுத்தேன்.

அப்பதான் அண்ணனோட போன் அடிச்சுது. கிருத்திகா அண்ணி.

இங்க ஒண்ணு சொல்லணும். அண்ணி பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர். வீட்டுல தமிழ்தான், ஆனா கன்னடம் தண்ணி பட்ட பாடு. கல்யாணம் ஆன நாள்லேருந்து புருஷனும் பொண்டாட்டியும் எங்க முன்னாடி பேசக் கூடாததை எல்லாம் கன்னடத்துலதான் பேசிக்குவாங்க. நாங்க போய் உக்காந்திருப்போம், எங்க தலைக்கு மேல கன்னடம் போகும் வரும். அம்மாகூட, "அவங்க ரகசியம் நமக்கு எதுக்கு?"ன்னு சிரிப்பாங்க.

இப்பவும் அதேதான். அண்ணன் நகரக்கூட இல்ல. அப்பாவுக்குப் பக்கத்துலயே நின்னு சொன்னான்:

"ஒந்தே ராத்ரி கணே. நாளெ ஃபங்ஷன் முகித்மேலெ களிஸ்பிட்தீனி."

எனக்கு ராத்ரிங்கறது மட்டும்தான் புரிஞ்சுது. ஜூடித் சட்டுனு நிமிந்து பாத்தா.

அப்பா நின்னுட்டார். பையைத் தரையில வச்சார். அண்ணனைப் பாத்து, இழுக்காம திக்காம, பெங்களூர்லயே பிறந்த ஆள் மாதிரி சொன்னார்:

"நாளெவரெகூ யாக்கெ காயோது? இவத்தே களிஸ்பிடு."

அண்ணன் போனைக் காதுலேருந்து இறக்கினான்.

"என்ன? என்ன சொன்னாங்க?"ன்னு நான் ஜூடித்தைக் கேட்டேன். அவளுக்குச் சொல்ல இஷ்டமே இல்ல. ஆனா நான் விடற ஆளா?

"சார் போன்ல, 'ஒரே ஒரு ராத்திரிதான், நாளைக்கு ஃபங்ஷன் முடிஞ்சதும் அனுப்பிடறேன்'னார் மேடம். அங்கிள்..." அவ அப்பாவைப் பாத்தா. "அங்கிள், 'நாளைக்கு வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், இன்னைக்கே அனுப்பிடு'ன்னார்."

"அப்பா... உங்களுக்குக் கன்னடம் எப்படி..." அண்ணன் இழுத்தான்.

"நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டா என்கூட யாருடா பேசினா?"ன்னார் அப்பா. கத்தல. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. "செக்யூரிட்டி பேசினான், தண்ணி கேன்காரன் பேசினான், பார்க்ல நாலு கிழவனுங்க பேசினாங்க. எல்லாம் கன்னடம். ஆறு மாசத்துல வந்துடுச்சு. உங்ககிட்ட சொல்லி ஆச்சரியப்படுத்தணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க பேசிக்கிறது காதுல விழ ஆரம்பிச்சுது. அப்புறம் எப்படிச் சொல்றது?"

மூணு வருஷத்துல ரெண்டரை வருஷம்! சாப்பிடும்போது, டி.வி. பாக்கும்போது, அம்மா படுக்கையில கிடந்தப்ப, இந்த மனுஷன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி மோர் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அண்ணன் சட்டையைக் கொத்தாப் பிடிக்கலாம்னு ரெண்டடி வச்சேன். அப்பா கையைக் குறுக்க நீட்டித் தடுத்தார்.

ஜூடித் சாவியை எடுத்து மேஜை மேல வச்சா. "ரூமுக்குப் போங்க மேடம். கிளெமென்ட் சார்கிட்ட நான் பேசிக்கறேன்."

நான் சாவியை எடுத்தேன். அப்பா நகரல. அண்ணன் கையில இருந்த போன் இன்னும் ஓடிக்கிட்டிருந்துச்சு, அண்ணி ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்பா அந்தப் போன்கிட்ட குனிஞ்சார்.

"கிருத்திகா, கேக்குதாம்மா? உன் மாமியார் போன அன்னிக்கு, சமையக்கட்டுல நின்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களே. அதுவும் எனக்குப் புரிஞ்சுது."

உடனே போன் கட் ஆச்சு.

"அம்மா போன அன்னிக்கா?" நான் அப்பா பக்கத்துல போனேன். அம்மாவுக்குத் திடீர்னு மூச்சு நின்னுபோச்சு, ஒண்ணும் பண்ண முடியலைன்னுதான் அண்ணன் அன்னிக்கு எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். "என்னப்பா பேசினாங்க? என்ன நடந்துச்சு அன்னிக்கு?"

அண்ணன் பாஞ்சு வந்து அப்பாவோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். என் முன்னாடியே, என் காதுபடவே, அப்பாகிட்ட கன்னடத்துல கெஞ்சறான்.

"பேடப்பா. அவளிகெ ஹேள்பேடா."

அவளிகென்னா நான்தான், என்கிட்ட சொல்லாதீங்கங்கறான். அதுக்குக் கன்னடம் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல.

"அப்பா, என்னைப் பாருங்க. தமிழ்ல சொல்லுங்க. எங்கம்மாப்பா அது!"

அப்பா என்னைப் பாத்தார். நிச்சயம் சொல்லிடுவார்னு நினைச்சேன். அப்புறம் அவர் முகம் மெல்ல அண்ணன் பக்கம் திரும்புச்சு. ரெண்டு வருஷமா நான் சோறு போட்ட மனுஷன், என் கண்ணு முன்னாடி, அவனுக்கு அவன் பாஷையிலயே பதில் சொன்னார்.

"ஆய்த்து."

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். பெங்களூர்ல இறங்கினதுலேருந்து ஆட்டோக்காரர்லேருந்து எல்லாரும் சொல்றதுதான். சரின்னு அர்த்தம்.